பங்குனியில் இமயம்: கடிகாரம் பார்த்து ஏறுவோம்

(மலையேற்ற ஆர்வலர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வசந்தத் தொடக்கத்தில் மலையேறுகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய வானிலை, தரைநிலை. இதுதான் எனக்குக் கொடுத்திருக்கும் தலைப்பு. உலகத்து மலைகளை எல்லாம் ஒரு மணி நேரத்தில் சுற்றி வர முடியாது. அதனால் ஒரே ஒரு வட்டாரத்தை எடுத்துக்கொள்கிறேன். உத்தராகண்டின் கட்வால் இமயமலை. காலம், மாசிக் கடைசியிலிருந்து சித்திரை முதல் வாரம் வரை.

ஏன் கட்வால்? நம் ஊர்க்காரர்கள் பலர் வாழ்க்கையில் முதன்முதலாகப் பனியில் கால் வைப்பது அங்கேதான். சோப்தாவிலிருந்து துங்கநாத், சந்திரசிலா. சாங்க்ரியிலிருந்து கேதார்காந்தா. பர்சுவிலிருந்து தயாரா புக்யால். இந்தப் பெயர்கள் இன்று கோயம்புத்தூரிலும் சென்னையிலும் சாதாரணமாக அடிபடுகின்றன. சரி, ஏன் மார்ச் மாதம்? அதற்குக் காரணம் வானத்தில் இல்லை, உங்கள் அலுவலகத்தில் இருக்கிறது. மார்ச் 31க்குள் எடுக்காத லீவு காலாவதியாகிவிடும்! சிரிக்கிறீர்கள். சிரித்தவர்களில் பாதிப்பேர் டேராடூனுக்கு டிக்கெட் போட்டுவிட்டீர்கள் என்பது எனக்குத் தெரியும்.

நான் இன்று சொல்லப்போவது ஒன்றே ஒன்றுதான். காலண்டர் நம்மை மலையடிவாரம் வரை கொண்டுபோய் விடும். அதற்கு மேலே கடிகாரம்தான் நம்மை நடத்த வேண்டும். மற்ற மாதங்களில் இந்த விதியைக் கொஞ்சம் தளர்த்திக்கொள்ளலாம். வசந்தத் தொடக்கத்தில் தளர்த்தவே முடியாது. ஏன் முடியாது என்பதைத்தான் படிப்படியாகப் பார்க்கப் போகிறோம்.

முதலில் உயரத்தைப் பார்ப்போம். நமக்குப் பங்குனி முதல் நாள் பிறக்கிறதே, அன்றைக்குத்தான் உத்தராகண்டில் 'பூல் தேய்' என்ற பண்டிகை. விடியற்காலையில் சிறுவர் சிறுமியர் கூடைகளை எடுத்துக்கொண்டு கிளம்புவார்கள். மஞ்சள் ப்யூன்லிப் பூவும் சிவப்பு புரான்ஷ் பூவும் பறித்துவந்து வீட்டுக்கு வீடு வாசற்படியில் தூவி வாழ்த்துவார்கள். வீட்டுக்காரர்கள் அரிசியும் வெல்லமும் கொடுப்பார்கள். அந்தப் புரான்ஷ்தான் அந்த மாநிலத்தின் மரம். அதன் நெருங்கிய சொந்தம் நம் நீலகிரியிலும் இருக்கிறது. காட்டுப்பூவரசு என்கிறோமே, அதுதான்.

பூல் தேய் கொண்டாடும் ஒரு கிராமம் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே வசந்தம் வந்துவிட்டது. அதே நாள், அதே மலையில், 3,500 மீட்டரில் என்ன நிலைமை? முழங்கால் அளவு பனி. கிராமத்துக்காரருக்கு இதில் குழப்பம் இல்லை. மேலே இன்னும் குளிர்காலம் என்று அவருக்குத் தெரியும். குழப்பம் நமக்குத்தான். நாம் காலையில் பூவையும் பார்க்கிறோம், மதியம் பனியையும் மிதிக்கிறோம். ஒரே நாளில் இரண்டு பருவங்களைக் கடந்து நடக்கிறோம். ஆனால் பையில் எடுத்து வைத்திருப்பது பெரும்பாலும் ஒரு பருவத்துக்கான துணி!

ஒரு சின்னக் கணக்குப் போடுவோமா? ஆயிரம் மீட்டர் ஏறினால் சராசரியாக ஆறரை டிகிரி வெப்பம் குறையும். டேராடூன் ஏறத்தாழ 640 மீட்டர் உயரம். சந்திரசிலா உச்சி ஏறத்தாழ 4,000 மீட்டர். மார்ச் மாதத்தில் ஒரு மதியம் டேராடூனில் 26 டிகிரி. அரைக்கைச் சட்டையோடு தேநீர் குடிக்கிறோம். அதே நேரத்தில் உச்சியில் 4 டிகிரிதான் இருக்கும். மறுநாள் விடியற்காலையில் டேராடூனில் 13 டிகிரி என்றால், உச்சியில் பூஜ்யத்துக்குக் கீழே 9. இதில் காற்றை நான் இன்னும் சேர்க்கவில்லை. பூஜ்யம் டிகிரியில் மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் காற்று அடித்தால், திறந்திருக்கும் தோலுக்கு அது மைனஸ் 7 டிகிரி. காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அது உங்களைத் தள்ளும் விசை நான்கு மடங்காகும். காட்டுக்குள் இலைகூட அசையாத நாளில் மலைமுகட்டில் நிற்க முடியாமல் போவது இதனால்தான். மரங்கள் முடியும் இடத்தில், அதாவது ஏறத்தாழ 3,300 மீட்டரில், நின்று மேல்சட்டையைப் போட்டுக்கொள்ளுங்கள். முகட்டுக்குப் போய்ப் போட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தால் விரல் விறைத்து ஜிப் இழுக்க வராது.

இது உயரத்தின் கணக்கு. இனி நேரத்தின் கணக்குக்கு வருவோம். இன்றைய பேச்சின் நடுப்பகுதி இதுதான்.

வசந்தத்துப் பனி ஒரு பொருள் அல்ல நண்பர்களே, ஒரு நாளைக்கு நான்கு பொருள்! டிசம்பர், ஜனவரிப் பனி காலையிலும் மாலையிலும் ஏறத்தாழ ஒரே மாதிரி இருக்கும். மார்ச்சில் அப்படி இல்லை. வெயில் ஏறிவிட்டது, பகல் நீண்டுவிட்டது. பகலில் பனியின் மேற்பரப்பு உருகுகிறது. இரவில் அந்த ஈரமே உறைந்து கெட்டியாகிறது. மறுநாள் மறுபடியும் உருகுகிறது. இந்தச் சுழற்சி தினமும் நடக்கிறது.

சோப்தாவிலிருந்து துங்கநாத் போகும் வழியையே எடுத்துக்கொள்வோம். மூன்றரை, நான்கு கிலோமீட்டர் தூரம், கல் பாவிய பாதை, கொண்டை ஊசியாக வளைந்து வளைந்து ஏறும். கோடையில் வயதானவர்களும் நடந்து போய்ச் சாமி கும்பிடுகிற பாதை. மார்ச்சில் கோயில் மூடியிருக்கும். சாமியைப் பனிக்காலத்துக்காக மக்கு கிராமத்துக்கு எழுந்தருளச் செய்திருப்பார்கள். பாதை பாதி தெரியும், பாதி பனிக்குள் கிடக்கும்.

விடியற்காலை 4 மணி. நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு கிளம்புகிறீர்கள். முந்தின நாள் மதியம் மேலே உருகிய தண்ணீர் படிகளின் குறுக்கே ஓடி, இரவில் அப்படியே உறைந்திருக்கும். விளக்கொளியில் கல் ஈரமாக இருப்பதாகத்தான் தெரியும். அது ஈரம் இல்லை, ஐஸ். காலை வைத்தால் வழுக்கும். கல்லில் பளபளப்புத் தெரிந்தால் அந்தக் கல்லை விட்டுவிட்டு, ஓரத்தில் சொரசொரப்பாகத் தெரியும் பனியில் கால் வையுங்கள். இந்த நேரத்துக்குத்தான் பூட்ஸுக்கு அடியில் மாட்டும் மைக்ரோஸ்பைக். பலர் அதைப் பைக்குள்ளேயே வைத்துக்கொண்டு ஏறுகிறார்கள். உச்சிக்குப் போனதும் மாட்டிக்கொண்டு போட்டோ எடுக்கிறார்கள்!

காலை 6 மணி, 7 மணி. இதுதான் பொன்னான நேரம். பனி கெட்டியாக இருக்கும். மேலே நடந்தால் மிதியடித் தடம்கூட ஆழமாகப் பதியாது. மென்மையான சரிவில் நடப்பதற்கு இதைவிட நல்ல தரை கிடையாது. ஆனால் செங்குத்தான சரிவில் இதே கெட்டிப் பனி எமன். ஒருமுறை வழுக்கினால் நிற்பதற்குப் பிடிமானம் இல்லை. பாறையோ மரமோ தடுக்கும்வரை சறுக்கிப் போய்க்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

காலை 9 மணி, 10 மணி. கிழக்குச் சரிவில் வெயில் விழுந்து இரண்டு மணி நேரமாகிவிட்டது. மேல் அரை அங்குலம் இளகியிருக்கும். குதிகாலை ஊன்றினால் பிடிக்கும். இறங்குவதற்கு இதுதான் நேரம். இறங்குவதற்கு என்கிறேன், கவனியுங்கள். ஏறுவதற்கு அல்ல.

மதியம் 12 மணிக்கு மேல் என்ன ஆகும்? கொதித்து ஆறிய பாலின் மேல் ஆடை படிந்திருக்குமே, பனி அந்த நிலைக்கு வந்துவிடும். மேலே மெல்லிய தோல், அடியில் பிடிப்பே இல்லாத குழைவு. ஒரு கால் தாங்கும், அடுத்த கால் தொடைவரை இறங்கும். அதை வெளியே இழுத்து அடுத்த அடி வைத்தால் மறுபடியும் இறங்கும். ஒரு மணி நேரத்து வழி மூன்று மணி நேரம் இழுக்கும். சாக்ஸ் நனையும், முழங்கால் மூட்டு திருகும், தண்ணீர் தீரும், பொழுது சாயும். பனிமலையில் நடக்கிற விபத்து என்றவுடன் நாம் பெரிய பள்ளத்தை நினைக்கிறோம். எத்தனையோ விபத்துகள் இந்தக் குழைவில்தான், இந்தக் களைப்பில்தான் தொடங்குகின்றன.

எல்லா நாளும் இப்படித்தானா என்று கேட்பீர்கள். இல்லை. இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. இரவில் வானம் தெளிவாக இருந்தால் பனி தன் வெப்பத்தை வானத்துக்கு விட்டுவிடும். காற்றின் வெப்பம் பூஜ்யத்துக்கு இரண்டு மூன்று டிகிரி மேலே இருந்தாலும் பனியின் மேற்பரப்பு உறைந்துவிடும். மேகம் மூடிய இரவில் அந்த வெப்பம் வெளியே போகாது. பனி உறையாது. நட்சத்திரம் தெரியாத இரவுக்குப் பிறகு வரும் காலை, குளிர் குறைவாக, இதமாக இருக்கும். 'நல்ல நாள்' என்று கிளம்பத் தோன்றும். அன்றைக்குத்தான் விடியும்போதே பனி குழைந்து கிடக்கும். எனவே கூடாரத்தை விட்டு வெளியே வந்தவுடன் வானத்தைப் பாருங்கள். பிறகு குதிகாலால் பனியை ஓங்கி மிதியுங்கள். கால் இறங்கவில்லை என்றால் போகலாம். கணுக்கால்வரை இறங்கினால் அன்றைக்குச் செங்குத்தான சரிவு வேண்டாம். செல்போன் சிக்னல் இல்லாத இடத்தில் இதைவிட நம்பகமான முன்னறிவிப்பு கிடையாது.

இவ்வளவு நேரம் பனியின் மேற்பரப்பைப் பார்த்தோம். அடியில் என்ன இருக்கிறது?

நாங்கள் ஒருமுறை போனபோது, சோப்தாவுக்கு மேலே ஒரு வளைவில் எங்களுக்கு முன்னால் நடந்த வழிகாட்டித் தம்பியைக் கவனித்துக்கொண்டே போனேன். கையில் மூங்கில் கம்பு. பனியில் நான்கைந்து அடிக்கு ஒருமுறை குத்திப் பார்ப்பார். 'டக்' என்று கேட்டால் நேராக நடப்பார். 'பொத்' என்று இறங்கினால் விலகுவார். ஒரு கரும்பாறை பனிக்கு வெளியே தலைநீட்டிக்கொண்டிருந்தது. நாமாக இருந்தால் அதைப் பிடித்துக்கொள்ளத்தான் போவோம். அவர் அதைச் சுற்றி இரண்டு பாகம் தள்ளி நடந்தார். ஏன்? கருநிறப் பாறை வெயிலை வாங்கிச் சூடாகிறது. தன்னைச் சுற்றியுள்ள பனியை அடியிலிருந்து உருக்குகிறது. மேலே பார்த்தால் சமதளம், உள்ளே ஆள் இறங்கும் பொந்து! பனிக்குள் அமுங்கிக் கிடக்கும் புதர்களைச் சுற்றியும் இதே கதைதான்.

ஓடைகள் இன்னும் மோசம். பனிப்பாலம் என்கிறோமே, ஜனவரியில் அது ஓடையை மூடிய உறுதியான தளம். மார்ச் கடைசியில் அதற்கு அடியில் தண்ணீர் ஓடத் தொடங்கிவிடும். தண்ணீர் கீழிருந்து அரிக்கிறது, வெயில் மேலிருந்து உருக்குகிறது. காலையில் பத்துப்பேரைத் தாங்கிய பாலம் மாலையில் பதினோராவது ஆளைத் தாங்காமல் போகலாம். பனிக்கு அடியில் தண்ணீர்ச் சத்தம் கேட்கிறதா என்று நின்று கேளுங்கள். கேட்டால் வேறு இடம் தேடுங்கள். பாலமே இல்லாத ஓடைக்கும் கடிகாரம் உண்டு. மேலே பகலில் உருகும் பனி கீழே வந்து சேர நேரம் பிடிக்கும். அதனால் விடியற்காலையில் ஓடை மெலிந்திருக்கும், பிற்பகலிலும் மாலையிலும் பெருகியிருக்கும். காலையில் கல் தாவிக் கடந்த ஓடையை மாலையில் அதே கல்லைத் தேடிக்கொண்டு கடக்க நினைக்காதீர்கள். கல் தண்ணீருக்குள் போயிருக்கும்.

பனி விலகிய இடத்தில் நிம்மதியாக நடக்கலாமா? அங்கே சேறு. மேல் மண் இளகியிருக்கும், அடிமண் இன்னும் உறைந்தே இருக்கும். உருகிய தண்ணீர் கீழே இறங்க வழியில்லாமல் மேலேயே நிற்கும். புல்வெளிச் சரிவு, உள்ளூர்ப் பேச்சில் புக்யால், முழுக்க இந்த நிலைதான். அங்கே பாதை சேறாக இருக்கிறது என்று புல்லில் இறங்கி நடக்காதீர்கள். அந்தப் புல் அப்போதுதான் முளைக்கத் தயாராகிறது. பாறைச் சரிவுக்கு அடியில் நின்று இளைப்பாறவும் வேண்டாம். இரவில் இடுக்குக்குள் உறைந்த தண்ணீர் கல்லை நெம்பியிருக்கும். காலை வெயில் பட்டு அந்த ஐஸ் இளகும்போது கல் விடுபட்டு வரும்.

அடுத்து வானம். கட்வாலின் வசந்தத்தை ஆட்டிவைப்பது எது? நம் பருவமழை அல்ல. மேற்கத்திய இடையூறு என்று வானிலைச் செய்தியில் கேட்டிருப்பீர்கள். மத்தியதரைக் கடல் பக்கம் உருவாகி, உயரத்து மேற்குக் காற்றில் ஏறி, ஈரான், ஆப்கானிஸ்தான் வழியாக இமயத்தை வந்து முட்டும் காற்றழுத்தச் சலனங்கள் அவை. டிசம்பரிலிருந்து மார்ச் வரை அடுத்தடுத்து வரும். மேற்கு இமயத்தின் பனிக்கிருப்பில் பெரும்பங்கு அவற்றின் கொடை. ஏப்ரலில் தரை சூடாகிவிடுவதால், அதே சலனம் இடியையும் மின்னலையும் ஆலங்கட்டி மழையையும் சேர்த்துக்கொண்டு வரும். இதற்கும் நேரம் உண்டு. காலையில் நீலவானம், பத்துமணிக்கு முகட்டில் சின்ன மேகம், மதியத்தில் அது கோபுரமாக எழும், இரண்டு மூன்று மணிக்கு இடி. மின்னல் கண்ணில் பட்டதும் எண்ணத் தொடங்குங்கள். மூன்று விநாடிக்கு ஒரு கிலோமீட்டர். முப்பது எண்ணுவதற்குள் இடி கேட்டால் அது பத்துக் கிலோமீட்டருக்குள் வந்துவிட்டது. முகட்டில் நிற்கக் கூடாது, தனிமரத்தடியிலும் நிற்கக் கூடாது.

வானிலை முன்னறிவிப்பைப் படிக்கும்போதும் உயரக் கணக்கை மறக்கக் கூடாது. சாங்க்ரி கிராமம் ஏறத்தாழ 1,950 மீட்டர். அங்கே 10 டிகிரியில் தூறல் விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். 3,500 மீட்டரில் வெப்பம் பூஜ்யத்துக்கு வந்துவிடும். அதற்குக் கொஞ்சம் கீழேயே தூறல் பனியாகிவிடும். கேதார்காந்தா உச்சி 3,810 மீட்டர்! கிராமத்தில் 'லேசான மழை' என்று படித்தால், உச்சிச் சரிவில் புதுப்பனி என்று அர்த்தம். இந்திய வானிலை ஆய்வுத் துறையின் டேராடூன் மையம் மாவட்டவாரியாக மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு எச்சரிக்கை தருகிறது. பனிச்சரிவு அபாயத்தைச் சண்டீகரில் உள்ள பாதுகாப்புத் துறை ஆய்வு நிறுவனமான டிஜிஆர்இ ஐந்து படிநிலைகளில் சொல்கிறது. இரண்டையும் பார்க்காமல் கிளம்பாதீர்கள்.

பனிச்சரிவு என்று சொன்னேன். இங்கே என் கடிகார விதிக்கே ஒரு விலக்கு இருக்கிறது.

2025 பிப்ரவரி 28. பத்ரிநாத்துக்கு அருகே மானா. எல்லைச் சாலை அமைப்பின் தொழிலாளர் முகாம். பெரும்பனிப் பொழிவு. விடியற்காலையில் பனிச்சரிவு வந்து முகாமை மூடியது. சிக்கியவர்கள் 54 பேர். ராணுவமும் மீட்புப் படைகளும் இறங்கி 46 பேரைக் காப்பாற்றின. 8 பேர் இறந்துபோனார்கள். அவர்கள் சுற்றுலாப் பயணிகள் அல்ல. பனியிலேயே வேலை பார்த்தவர்கள். மலையேறிக்கொண்டிருந்தவர்களும் அல்ல, தங்குமிடத்தில் இருந்தவர்கள். நேரமோ, நான் பொன்னான நேரம் என்று சொன்னேனே, அந்த அதிகாலை!

இதிலிருந்து என்ன தெரிகிறது? பனிச்சரிவில் நாம் கவனிக்க வேண்டியவை இரண்டு வகை. ஈரப்பனிச் சரிவு வெயிலோடு வருவது. தெற்கையும் மேற்கையும் பார்த்த சரிவுகளில் மதியத்துக்கு மேல் வரும். அதற்குக் கடிகாரம் உதவும். மேலிருந்து சின்னச் சின்னப் பனி உருண்டைகள் தானாக உருண்டு வந்தால் அதுவே எச்சரிக்கை மணி, உடனே ஒதுங்க வேண்டும். புதுப்பனிச் சரிவு அப்படி இல்லை. பழைய பனிமேல் புதிய பனி கனமாக விழும்போதும், விழுந்து முடிந்த ஒன்றிரண்டு நாட்களிலும் அது எந்த நேரத்திலும் வரும். அதற்கு ஒரே மருந்து, போகாமல் இருப்பது. காலடியில் பனி 'வும்' என்று அமுங்கும் சத்தம் கேட்டாலோ, நடக்கும்போது விரிசல் ஓடினாலோ, பக்கத்துச் சரிவில் புதிதாகச் சரிந்த தடம் இருந்தாலோ திரும்பிவிட வேண்டும்.

எந்தச் சரிவு ஆபத்தானது? பலகைபோல ஒரே அடுக்காகப் பெயர்ந்து சரியும் பனிச்சரிவுகளில் பெரும்பாலானவை 30 டிகிரியிலிருந்து 45 டிகிரி சாய்வு உள்ள இடங்களில்தான் கிளம்புகின்றன. கருவி வேண்டாம், உங்கள் இரண்டு நடைக்கம்புகள் போதும். இரண்டும் ஒரே நீளமாக இருக்கட்டும். அந்தச் சரிவுக்குள் இறங்காமல், பாதுகாப்பான இடத்தில் அதே சாய்வில் அளக்க வேண்டும். ஒரு கம்பின் நுனியைச் சரிவில் ஊன்றிக் கிடைமட்டமாக வெளியே நீட்டுங்கள். நீட்டிய முனையிலிருந்து இன்னொரு கம்பைச் செங்குத்தாகக் கீழே இறக்குங்கள். பாதிக் கம்பிலேயே தரை தட்டினால் சாய்வு ஏறத்தாழ 27 டிகிரி. முழுக்கம்பும் இறங்கித் தரை தட்டினால் 45. பாதிக்கு மேல் இறங்கினாலே எச்சரிக்கை தேவை. அப்படிப்பட்ட சரிவின் நடுவிலும் அடியிலும் கூட்டமாக நிற்காதீர்கள். கடந்தே ஆக வேண்டும் என்றால் ஒவ்வொருவராகக் கடக்க வேண்டும்.

வெயிலைப் பற்றி ஒரு வார்த்தை. பனிமலையில் வெயில் சுடாது என்று நினைக்கிறோம். புதுப்பனி புற ஊதாக் கதிரில் ஏறத்தாழ 80 சதவீதத்தைத் திருப்பி நம் முகத்திலேயே அடிக்கும். கறுப்புக் கண்ணாடி இல்லாமல் நடந்தவருக்கு அப்போது ஒன்றும் தெரியாது. ஆறு முதல் பன்னிரண்டு மணி நேரம் கழித்து, இரவில், கண்ணில் மணல் போட்ட வலி தொடங்கும். மறுநாள் கண் திறக்காது. மேகமூட்டமான நாளிலும் கண்ணாடியைக் கழற்றாதீர்கள்.

குளிர் தாக்குவதும் சத்தமில்லாமல்தான். வியர்வையிலும் தூறலிலும் நனைந்த பருத்திச் சட்டை உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். குளிர் தாக்கியவர் முதலில் நடுங்குவார். பிறகு தடுமாறுவார், பேச்சுக் குழறும், கேட்டதற்குப் பதில் வராது. நடுக்கம் நின்றுவிட்டதே, தேறிவிட்டார் என்று நினைத்துவிடாதீர்கள். அப்போதுதான் நிலைமை கைமீறுகிறது. காற்றுப் படாத இடத்துக்குக் கொண்டுபோய், ஈரத்துணியை மாற்றி, தூக்கப்பையில் சுற்றி, தெளிவாக விழுங்க முடிந்தால் சூடான இனிப்புப் பானம் கொடுங்கள். மீட்புக்கு ஆள் அனுப்புங்கள்.

நண்பர்களே, பனியைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தால் ஒரு பாதியை மறந்துவிடுவோம். அதே உத்தராகண்டில் பிப்ரவரி 15 முதல் ஜூன் 15 வரை காட்டுத்தீக் காலம். கீழ்மலைகளில் சீர் பைன் மரங்கள் ஊசியிலைகளை உதிர்த்திருக்கும். பிரூல் என்பார்கள். மழையில்லாத மார்ச்சில் ஒரு பீடித்துண்டு போதும். மேலே பனிக்குப் பயந்து நடந்தவர், கீழே இறங்கியதும் நெருப்பைப் பற்றி யோசிப்பதில்லை.

நமக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. 2018 மார்ச் 11, தேனி மாவட்டம், குரங்கணி. காட்டுத்தீ மலையேற்றக் குழுக்களைச் சூழ்ந்தது. 20க்கும் மேற்பட்டவர்களை இழந்தோம். நம்மில் சிலருக்கு அவர்கள் தெரிந்தவர்கள். அதுவும் வசந்தத் தொடக்கம்தான். காய்ந்த புல், செங்குத்துச் சரிவு. நெருப்பு மேல்நோக்கி ஓடும்போது மனிதனை முந்திவிடும். நம் மலைப்பாதைகளை வனத்துறை இந்த மாதங்களில் மூடும்போது முணுமுணுக்காதீர்கள். மூடிய பாதையில் திருட்டுத்தனமாக நுழைவது வீரம் இல்லை.

இனி முடிவுக்கு வருகிறேன். இவ்வளவும் தெரிந்தவர்களும் மாட்டிக்கொள்கிறார்களே, ஏன்? 2024 ஜூன் தொடக்கத்தில், உத்தராகண்டின் சஹஸ்திர தால் பாதையில், 4,000 மீட்டருக்கு மேலே பனிப்புயலில் சிக்கிக் கர்நாடகத்தைச் சேர்ந்த 9 பேர் இறந்தார்கள். காலண்டர்படி அது கோடை! மேலே காலண்டர் செல்லாது என்பதற்கு இதற்குமேல் சாட்சி வேண்டுமா? ஆனால் நம்மை விரட்டுவது அந்தக் காலண்டர்தான். நான்கு நாள் லீவு. திரும்பும் விமானத்துக்குப் பணம் கட்டியாகிவிட்டது. 'இவ்வளவு தூரம் வந்துவிட்டோம், உச்சிக்குப் போகாமலா?' இந்தக் கேள்விதான் இமயமலையில் நம் ஊர்க்காரர் காதில் விழும் மிக ஆபத்தான சத்தம்.

அதற்கு நான் இரண்டு வழி சொல்கிறேன். முதல் வழி, திரும்பும் நேரத்தை முந்தின இரவே முடிவு செய்யுங்கள். துங்கநாத், சந்திரசிலா போகிறவர்கள் காலை 9 மணி என்று வைத்துக்கொள்ளலாம். 9 மணிக்கு எங்கே நிற்கிறோமோ அதுதான் அன்றைக்கு நம் உச்சி. நூறு மீட்டர் மீதம் இருந்தாலும் திரும்ப வேண்டும். களைத்துப்போன மூளை மலையில் சரியான முடிவு எடுக்காது. அதனால்தான் முடிவை இரவுச் சாப்பாட்டின்போதே எடுக்கச் சொல்கிறேன். திட்டத்தில் ஒரு நாள் உபரியாகவும் வையுங்கள். புதுப்பனி விழுந்தால் அந்த ஒரு நாள்தான் உங்கள் உயிர்க்காப்பீடு.

இரண்டாவது வழி, இதைவிட முக்கியமானது. உங்கள் வழிகாட்டியைப் பற்றி நினைத்துப் பாருங்கள். சரிவைப் பார்த்தவுடன் அவருக்குத் தெரிந்துவிடும். ஆனால் அவர் வாய்திறந்து 'வேண்டாம்' என்று சொல்வாரா? அவருக்கு இது பிழைப்பு. கூலி பிடித்துவிடுவார்களோ, ஆன்லைனில் மோசமாக எழுதிவிடுவார்களோ, அடுத்த குழு வராமல் போய்விடுமோ என்ற பயம் அவருக்கு உண்டு. நாமோ காசு கொடுத்தவர்கள், தொலைவிலிருந்து வந்தவர்கள், 'இன்னும் கொஞ்சம்' என்று கெஞ்சுகிறவர்கள். அவர் தயங்குகிற அந்த ஐந்து நிமிடத்தில்தான் பல குழுக்கள் தவறான சரிவில் இறங்கியிருக்கின்றன.

ஆகவே புறப்படுவதற்கு முன், குழு முழுவதும் கேட்கும்படி, தலைவர் அவரிடம் சொல்ல வேண்டும்: "தம்பி, நீங்கள் திரும்பலாம் என்றால் அந்த இடத்திலேயே திரும்புவோம். காரணம் கேட்க மாட்டோம். உங்கள் கூலியில் ஒரு ரூபாய் குறையாது." அரைகுறை இந்தியில் சொன்னாலும் போதும், அவருக்குப் புரியும். அந்த உறுதியைக் கொடுத்த குழுவில்தான் மலை தெரிந்தவரின் சொல்லுக்கு மதிப்பிருக்கும். அந்த உறுதியைக் கொடுக்க மனமில்லாதவர்கள், தயவுசெய்து, இந்த மார்ச்சில் ஊட்டிக்கு ரயிலில் போய்வாருங்கள். அதுவும் நல்ல மலைதான்!

அடுத்த வாரம் கிளம்புகிற குழுவினர் இந்த அரங்கில் இருக்கிறீர்கள். வீட்டுக்குப் போனதும் உங்கள் வாட்ஸ்அப் குழுவில் இரண்டு வரி போடுங்கள். திரும்பும் நேரம் எத்தனை மணி, வழிகாட்டியிடம் பேசப்போவது யார். அந்த இரண்டுக்கும் எல்லோரும் சம்மதம் சொன்ன பிறகு பையைக் கட்டுங்கள். போய்வாருங்கள், புரான்ஷ் பூத்திருக்கும்.